தரை வரிசையிலிருந்து தொடங்கிய படம்

நம் வட்டாரப் புகைப்படக் கலைஞர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்களிடம் நான் ஒரு நிபந்தனை விதித்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை எழுத மாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கைப்பேசியில் தேடினால் கிடைத்துவிடும். பொத்தானை அழுத்துவதற்கு முன் எங்கே ஒரு கணம் கையை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் எழுதுவேன். அதற்கு அவர்கள் சம்மதித்த பிறகே பேனாவை எடுத்தேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் நாற்பத்தைந்து ஆண்டுகள் புகைப்பட நிலையம் நடத்தியவன் நான். இயற்பியலில் பட்டம் பெற்றவன் எதற்காகக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்க வேண்டும் என்று கேட்ட உறவினர்கள், பின்னாளில் தம் பிள்ளைகளின் திருமணத்துக்கு என்னிடம் தேதி கேட்டுக் காத்திருந்தார்கள். என் வேலையில் குறை என்று சொல்லிக்கொண்டு யாரும் சங்கத்துக்குப் புகார் கொண்டுவந்ததில்லை. அந்தப் பெயரை நான் எளிதாகச் சம்பாதிக்கவில்லை. எனவே, அதை ஒரு பிற்பகலில் பறிகொடுக்க இருந்த கதையைச் சொல்வதும் எனக்கு எளிதன்று.

புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, அவற்றின் மீது நெருங்கியும் விலகியும் நகர்ந்தும் காட்டுகிற மென்பொருள் நம் ஊருக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. நான் அதைக் கற்றுக்கொண்டேன். அதன் சாரம் மிகச் சிறியது. ஒவ்வொரு படத்தின் மீதும் நீங்கள் இரண்டு கட்டங்கள் வரைகிறீர்கள்: பார்வை தொடங்கும் கட்டம் ஒன்று, பார்வை முடியும் கட்டம் ஒன்று. முதற்கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்குப் பார்ப்பவரின் கண்ணை மென்பொருள் அழைத்துச் செல்லும். அவ்வளவுதான். ஆனால் யாரிடம் தொடங்குகிறோம், யாரிடம் போய் நிற்கிறோம் என்பதில் இந்த ஊரின் மரியாதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதை நான் காவாந்தண்டலத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் கற்றேன். அந்த வேலையில் கட்டங்களைத் தானே தீர்மானிக்குமாறு மென்பொருளிடமே விட்டிருந்தேன். தாய்மாமன் சீர்த்தட்டோடு நிற்கும் படம் திரையில் வந்தது. பார்வை அவரிடம் தொடங்கி, அவரை விட்டு மெல்ல நகர்ந்து, பக்கத்தில் நின்ற அத்தையின் கணவர் முகத்தில் போய் நிலைத்துவிட்டது. தாய்மாமன் பந்தலில் எழுந்து நின்றார். "முப்பது தட்டு எடுத்துக்கினு வந்தவன் நானு. என்ன உட்டுட்டு அவனாண்ட போய் நின்னுக்கினு கீது! இன்னா சார் இது, உன் மிசினுக்குக்கூட அவன்தான் ஒறவா?" என்றார். பந்தலே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கமே நியாயம் இருந்தது. அன்று முதல் இரண்டு கட்டங்களையும் என் கையாலேயே வரைந்தேன். இனி தவறு வராது என்றும் நம்பினேன்.

தவறு அந்தக் கையிலிருந்துதான் வந்தது.

என் தொழில் வாழ்வின் கடைசிப் பெரிய வேலை, எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நூற்றாண்டு விழா. பள்ளியில் பாதுகாத்து வைத்திருந்த ஆண்டுக் குழுப்படங்கள் முப்பத்தெட்டு. முற்பகுதிப் படங்களை எடுத்தவர் எனக்குத் தொழில் கற்பித்தவர். பிற்பகுதியை எடுத்தவன் நான். இவற்றையும் பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், கட்டடம், விருந்தினர் ஆகிய படங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடத் தொகுப்பாக்க வேண்டும். மைதானத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை. விழாக்குழுத் தலைவர் ஏகாம்பரம், ஊரின் பெரிய நிலக்காரர்; அந்தப் பள்ளி நிற்கும் நிலம் அவருடைய தாத்தா கொடுத்தது.

ஒரு விவரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக் குழுப்படத்தில் ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஆசிரியர்களின் காலடியில் ஒரு வரிசை தரையில் உட்காரும். மற்ற ஊர்களில் சின்னப் பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். அந்தப் பள்ளியில் வெள்ளைச் சட்டை இல்லாத பிள்ளைகளைத் தரையில் உட்கார வைப்பது வழக்கம். பின்வரிசை வெண்மையாக, ஒரே சீராகத் தெரியும் என்பது காரணம். வெள்ளைச் சட்டை இல்லாதவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஏரிக்கரைத் தெருப் பிள்ளைகள். கூலி வேலை செய்யும் குடும்பங்கள். யாரும் அப்படி ஒரு விதியை எழுதி வைக்கவில்லை. தோளைத் தொட்டு "நீ முன்னாடி வந்து உக்காரு" என்று சொன்ன கைகளில் என் கையும் ஒன்று.

விழா மாலை ஆறு மணிக்கு. நான்கு மணிக்குத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். நானும் ஏகாம்பரமும் திரையை இயக்குபவரும் மட்டுமே இருந்தோம். படங்கள் அழகாகவே வந்தன. தலைமையாசிரியர்களின் முகங்களை நெருங்கி, பின்வரிசையில் நின்ற சிறப்பு விருந்தினரின் சிறுவயது முகத்தில் நிலைத்து நின்றது பார்வை. "சூப்பர் சார்" என்றார் ஏகாம்பரம்.

பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் விழாவுக்கு எலுமிச்சைச் சாதம் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே சமைப்பவர் அமலோற்பவம். ஏரிக்கரைத் தெருக்காரர், அதே பள்ளியில் படித்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். திரையின் ஓசை கேட்டுக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றிருந்தார். ஏழெட்டுப் படங்கள் போன பிறகு நேராக எங்களிடம் வந்தார்.

"சார், அத்தக் கொஞ்சம் நிறுத்து."

"என்னம்மா?"

"எங்க வரிசை எங்க சார்?"

"எந்த வரிசை?"

"தரையில குந்திக்கினு இருந்த வரிசை. நாங்க அத்தினி பேரும் டீச்சருங்க காலாண்டதான குந்தினோம். டீச்சர் முட்டி வரிக்கும் தெர்து. அதுக்குக் கீய ஒண்ணுத்தயும் காணோம்."

நான் திரையைப் பார்த்தேன். ஆசிரியர்களின் முழங்கால்களோடு படம் முடிந்திருந்தது. அடுத்த படம். முழங்கால். அதற்கடுத்தது. முழங்கால். முப்பத்தெட்டிலும் அதே.

ஏகாம்பரம் சொன்னார்: "அமலா, நீ போய் சோத்தப் பாரு. சாருக்குத் தெரியாததா?"

"சோத்த நான் பாத்துக்கறேண்ணா. நான் வூடு வூடாப் போய் இன்னா சொல்ட்டு வந்துக்கீறேன் தெரியுமா ஒனக்கு? அது பெரிய தெருக்காரங்க விழா, நம்மளுக்கு இன்னா அங்க வேலைன்னாங்க எங்காளுங்க. இல்லடா, நம்ம மூஞ்சியும் பெரிய டிவில வரும், எல்லாரும் வாங்கன்னு நாந்தான் வாக்குக் குடுத்தேன். அறுவது வூடு. வேணான்னவனக்கூட இஸ்துக்கினு வரேன். அவுங்க வந்து டீச்சர் முட்டியப் பாத்துட்டுப் போவட்டுமா? அப்பால நான் எந்த மூஞ்ச வெச்சுக்கினு அந்தத் தெருவுல நடக்கறது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கரண்டியைத்தான் சற்று உயர்த்திப் பிடித்திருந்தார்.

என்ன நடந்திருந்தது என்பதை உங்களில் கூர்மையானவர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். பழைய குழுப்படம் சதுரத்தை ஒட்டிய வடிவம். இன்றைய திரை அகன்றது. திரையை முழுதாக நிரப்பினால் மேலோ கீழோ கொஞ்சம் வெட்டுப்படும். என்னைப் பயிற்றுவித்தவர் முதல் நாளே சொன்ன பாடம், "தலையை வெட்டாதே, காலை வெட்டினால் பாவமில்லை" என்பது. மணமக்களுக்கும் குடும்பங்களுக்கும் பொருந்துகிற பொன்னான விதி. அந்த விதிப்படி முப்பத்தெட்டுப் படங்களிலும் கட்டத்தை மேல்நோக்கித் தூக்கி வரைந்திருந்தேன். கீழே கால்கள்தாம் இருக்கும் என்று என் கை நினைத்தது. கீழே பிள்ளைகள் இருந்தார்கள்.

நான் சரிபார்க்காமல் விட்டவன் அல்லன். மூன்று முறை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். தலைமையாசிரியர் தெரிகிறாரா, சிறப்பு விருந்தினர் தெரிகிறாரா, பின்வரிசையில் யார் தலையாவது வெட்டுப்படுகிறதா என்று பார்த்தேன். என்னிடம் யாரைப் பற்றிக் கேள்வி வருமோ அவர்களைத் தேடிப் பார்த்தேன். கேள்வி கேட்க வரமாட்டார்கள் என்று நான் அறியாமலே தீர்மானித்திருந்தவர்களைத் தேடவில்லை. இளம் நண்பர்களே, நம் தொழிலில் இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டென்று நான் இன்றுவரை அறியேன்.

ஏகாம்பரம் என்னைச் சற்று ஒதுக்கி அழைத்துப் போனார். கெட்ட மனிதர் அல்லர், நேரத்துக்குப் பயந்தவர். "உடுங்க சார். மணி நாலே கால். இப்பப் போயி நோண்டினா பேஜாராயிடும். யாருனா கேட்டா கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிச்சின்னு சொல்லிக்கலாம்."

அந்த நொடியில் அது எனக்கு மிகவும் இனிமையான யோசனையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கணினியின் மீது பழி போட்டால் கணினி மறுக்காது. என் பெயர் தப்பிவிடும். ஆனால் அமலோற்பவம் கொடுத்த வாக்குப் பொய்த்துவிடும். அந்த வாக்கை அவர் என் வேலையை நம்பித்தான் கொடுத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது. தப்பு பண்ணினது நான்" என்றேன். இதை அவரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அமலோற்பவத்துக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"அப்ப சரி பண்ணு சார்" என்றார் அவர். மன்னிப்பை ஏற்றுக்கொள்ள அவருக்கு நேரமில்லை, சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. எளிய வழி ஒன்று உண்டு: படத்தைச் சுருக்கி, இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு, முழுப்படத்தையும் காட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. அதைச் செய்து ஒரு படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தேன். தரை வரிசை இருந்தது. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது புள்ளிகளின் வரிசை. இருக்கிறார்கள் என்று வாதாடலாம். தெரிகிறார்கள் என்று சொல்ல முடியாது. வாக்குக் கொடுக்கப்பட்டது முகத்துக்கு.

எனவே எல்லாக் கட்டங்களையும் அழித்தேன். முப்பத்தெட்டுப் படங்களிலும் பார்வை தரை வரிசையில் தொடங்க வேண்டும். அங்கிருந்து மேலேறி, நாற்காலிகளைக் கடந்து, நிற்பவர்களிடம் முடிய வேண்டும். அகன்ற திரை மறைத்த உயரத்தை நகர்வினால் மீட்டுக்கொள்வது. திரை எதையும் இழக்காது. யாரும் வெட்டுப்பட மாட்டார்கள். முதலில் வருபவர் யார் என்பது மட்டும் மாறும்.

"அம்மா, நீங்க கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காரணும்" என்றேன். "யாரும் விட்டுப் போகாம நீங்கதான் பாத்துச் சொல்லணும்." அன்று என் கண்ணை நான் நம்பவில்லை.

அவர் கூடத்துப் பக்கம் திரும்பி, உடன் சமைத்த பெண்ணிடம் கூவினார்: "அடியே, அடுப்பத் தணிச்சு உடு! சார் கூப்புடறாரு!" பிறகு என்னிடம், "சோறு அடி புடிச்சா உன் பேரத்தான் சொல்வேன் சார், இப்பவே சொல்ட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் படத்தில் கட்டத்தைத் தரை வரிசையின் இடது ஓரத்தில் வைத்து, மென்பொருளின் வழக்கமான ஐந்து வினாடியில் வலது ஓரம்வரை நகரவிட்டேன். அமலோற்பவம் கணினித் திரையில் விரலை வைத்துச் சொல்லத் தொடங்கினார்: "இது எங்க சித்தப்பா. இது கன்னியப்பன். இது... யோவ், நிறுத்து சார், எங்க ஓடற? பஸ்ஸு புடிக்கவா?"

மறுபடி ஓட்டினேன். இம்முறை அவர் பெயர் சொல்லும் வேகத்துக்குக் கட்டத்தை நகர்த்தினேன். ஒரு முகம், ஒரு பெயர், அடுத்த முகம். ஒரு வரிசையைக் கடக்கப் பத்து வினாடி தேவைப்பட்டது. மேலேற இன்னொரு ஐந்து. படத்தின் மீது பார்வை எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்று இந்த மென்பொருள்களின் கையேடுகளில் பலவாறு எழுதியிருப்பார்கள். நான் கண்ட அளவுகோல் இதுதான்: அந்த முகத்தை அறிந்த ஒருவர், அதன் பெயரை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம். அதைவிட விரைந்தால் நீங்கள் முகங்களைக் காட்டவில்லை, எண்ணிக்கையைக் காட்டுகிறீர்கள்.

ஒரே படத்தை இருமுறை அடுத்தடுத்து வைத்து, முதலில் குறுக்கே, பிறகு மேலே என்று கட்டங்களை வரைந்துகொண்டே போனேன். அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "இவன் மூக்க உறிஞ்சிக்கினே இருப்பான், இன்னிக்கு லாரி வெச்சிக்கீறான்." "இவ எங்க தெருவுலயே மொத மொத பத்தாவது பாஸு." "இவன் ஒரு நாளு பள்ளிக்கோடம் வந்தான், அன்னிக்குன்னு போட்டோ புடிச்சாங்க. அதிஸ்டக்காரன்." ஒரு படத்தில் மட்டும் விரல் நின்றது. தரை வரிசையின் வலக்கோடியில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு ஒரு சிறுமி. கணினித் திரையில் முகம் விரல்நகம் அளவே இருந்தது. "அடுத்தது போ சார்" என்றார். எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் கேளாமலே ஒரு வினாடி நீட்டி வைத்தேன்.

இப்போது கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டுப் படங்களுக்கு மட்டும் ஒன்பதரை நிமிடம். தொகுப்புக்கு ஒதுக்கியது பன்னிரண்டு. எதையாவது குறைத்தாக வேண்டும். முதலில் என் நிலையத்தின் பெயர் பொன்னெழுத்தில் சுழன்று வரும் காட்சியை நீக்கினேன். தொடக்கத் தலைப்பை ஒரே வரியாக்கினேன். ஒரு படம் கரைந்து மற்றொன்று மலரும் அலங்காரங்களை எடுத்தெறிந்தேன். அதுவும் போதவில்லை. நிலம் கொடுத்தவரின் படங்கள் ஒன்பது இருந்தன. ஒன்றை மட்டும் நிறுத்தினேன்.

சரியாக அப்போது ஏகாம்பரம் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "சார், எங்க தாத்தா குடுத்த நெலத்துல பந்தல் போட்டுக்கினு, எங்க தாத்தாவையே தூக்கிட்டீங்களா?"

"தூக்கல. ஒண்ணு இருக்கு. இருக்கறதுலயே நல்ல படம். ஒம்போது தடவ காட்டினா சனங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு தடவ காட்டினா பாப்பாங்க."

"விருந்தாளியெல்லாம் மேடையில குந்திக்கினு இருப்பாங்க. எடுத்த எடுப்புல தரையில இருந்தா ஆரம்பிக்கறது? ஒரு மொற இல்ல?"

"பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடம். பிள்ளைங்ககிட்ட ஆரம்பிக்கறேன்."

அவர் அமலோற்பவத்தைப் பார்த்தார். அமலோற்பவம் பந்தல் கூரையைப் பார்த்தார். "உங்க இஷ்டம் சார்" என்றார் ஏகாம்பரம் கடைசியில். "ஆனா எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உங்க பேருதான்."

"என் பேர்தான். மேடையில வெச்சே சொல்லுங்க" என்றேன். அவர் போய்விட்டார். நான் அடுத்த கட்டத்தை வரைந்தேன்.

வரைந்து முடித்தபோது ஐந்து ஐம்பது. தொகுப்பை ஒரே கோப்பாக்க, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் உயர்ந்த தரத்தில் நாற்பது நிமிடம் ஆகும் என்று கணினி அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் மிக உயர்ந்த தரத்துக்குக் கீழே எதையும் கொடுத்ததில்லை என்பது என் பெருமை. ஆனால் அந்தத் திரையின் அருகே சென்று பாருங்கள்; பட்டாணி அளவு விளக்குகள். அதற்கு அவ்வளவு நுட்பம் தேவையே இல்லை. தரத்தைப் பாதிக்குக் குறைத்தேன். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. பெருமை எங்கே வேலைக்கு உதவுகிறது, எங்கே வேலையை மறிக்கிறது என்று பிரித்தறியத் தெரியாதவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நெருக்கடியில் உதவ மாட்டான்.

பந்தல் நிரம்பிவிட்டது. அமலோற்பவம் சொன்னபடி ஏரிக்கரைத் தெருவே வந்திருந்தது; ஆனால் எல்லாரும் கடைசி வரிசைகளில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்புரை முடிந்தது. விளக்குகளைத் தணித்தார்கள். நான் கணினியின் அருகே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

ஒருவரித் தலைப்பு வந்தது. நிலம் கொடுத்தவரின் படம் வந்தது, நல்ல கைதட்டல். பிறகு முதல் குழுப்படம். திரை முழுவதும் ஒரே முகம், பதினைந்தடி உயரத்தில், தரையில் சப்பணமிட்டு அமர்ந்த ஒரு பையன். அடுத்த முகம். அதற்கடுத்த முகம். ஐந்து வினாடி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து வினாடியில் என் நாற்பத்தைந்து ஆண்டுகளும் எனக்குக் கேள்விக்குரியவையாகிவிட்டன.

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு முதியவரின் குரல்: "டேய்... அது நம்ம கன்னியப்பன்டா!"

"ஆமாடா, அவன் காதப் பாரு!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைவரை போனது. அடுத்த முகத்துக்கு மூன்று பேர் பெயர் சொன்னார்கள். அதற்கடுத்ததற்கு முப்பது பேர். பார்வை மேலேறி நாற்காலிகளை அடைந்தபோது ஆசிரியர்களின் பெயர்களைப் பெரிய தெருக்காரர்கள் சொன்னார்கள். நிற்பவர்களின் பெயர்களை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தரை வரிசை கடந்துபோகும் போதெல்லாம் படத்தில் பின்னால் நின்ற வரிசைக்காரர்களே அதிகம் கூவினார்கள். அருகருகே ஐந்து ஆண்டுகள் படித்தவர்கள் அல்லவா? ஏகாம்பரம் மேடையிலிருந்து இறங்கித் திரைக்கு எதிரே வந்து நின்று, "முனுசாமி! டேய் முனுசாமி! என் சிலேட்ட ஒடச்சவன்டா அவன்!" என்று கத்தினார். பின்வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்து, "நீதான்டா ஒடச்ச! எம்மேல போட்டுட்டு அடி வாங்க வெச்ச!" என்று பதில் கொடுத்தது. மேடையில் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த சிறப்பு விருந்தினர் தம் நாற்காலியைத் தாமே தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். மற்ற விருந்தினர்களும் திருப்பினார்கள்.

இருபத்தாறாவது படம். பார்வை தரை வரிசையின் வலக்கோடிக்கு வந்தது. பின்னலிட்ட சிறுமி திரையை நிறைத்தாள். நான் கூடத்து வாசலைப் பார்த்தேன். அமலோற்பவம் கரண்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பெயரை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பந்தல் முழுவதும் ஒரே குரலில் "அமலா!" என்றது. நான் நீட்டி வைத்திருந்த அந்த ஒரு வினாடி வீணாகவில்லை.

தொகுப்பு முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு சார்!" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள், முன்வரிசையும் கேட்டது. என் தொழில் வாழ்வில் ஒரு தொகுப்பை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டியது அன்று மட்டுமே. இரண்டாம் முறை ஓடும்போது கடைசி வரிசைகள் காலியாகக் கிடந்தன. எல்லாரும் திரையருகே வந்து நின்றிருந்தார்கள். ஏகாம்பரம் ஒலிபெருக்கியை வாங்கி, "சாருக்கு ஒரு கைதட்டு!" என்றார். எதுனா ஒன்று ஆனால் என் பெயர்தான் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது.

விழா முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அமலோற்பவம் தட்டில் எலுமிச்சைச் சாதத்தோடு வந்தார். அடி பிடிக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் சார் கீது. ஆனா ஒரு கொற."

"என்ன குறை?"

"நான் கண்ண மூடிக்கினு கீறேன் சார்! இத்துனூண்டா இருக்கசொல்லோ தெர்ல. அம்மாம் பெரிசா, ஊரே பாக்கப் போட்டுக் காட்டினியே! உன்னாண்ட வேற போட்டோ இல்லியா?"

கண் மூடிய படத்துக்காக என்னிடம் வந்து சண்டையிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்தவர்கள் வந்திருக்கிறார்கள். பின்னால் நின்றவர்களின் பெற்றோர் வந்திருக்கிறார்கள். தரை வரிசையிலிருந்து ஒருவர் வந்து தம் கண்ணைப் பற்றி என்னைக் கேட்டது அதுவே முதல்முறை.

"ஒவ்வொரு வகுப்பையும் ரெண்டு தடவ எடுப்பேன். இன்னொரு நெகட்டிவ் இருக்கும். தேடித் தரேன்" என்றேன்.

"தேடு சார். கண்ணு தொறந்துக்கினு இருக்கணும்."

மறுநாள் காலை பழைய நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினேன். பிற்பகலில் கிடைத்தது. விளக்குக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். அந்த இரண்டாவது நெகட்டிவில் தரை வரிசையின் வலக்கோடியில் அமலோற்பவம் இரு கண்களையும் அகலத் திறந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த தலைமையாசிரியர் கண்ணை மூடியிருந்தார். அதனால்தான் அந்த நாளில் நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

இம்முறை இரண்டாவதை அச்சிட்டேன்.